புர்ஜ் கலீஃபாவில் ஊசல் எடை ஏன் இல்லை?

கேள்வி
எழுதியவர்: மேகலை_இயற்பியல்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். அலைவுகள் பாடத்தில் ஒத்ததிர்வுக்கு வரும்போது, வழக்கமாகத் தைபே 101 கட்டடத்தைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 92ஆம் தளத்திலிருந்து 87ஆம் தளம் வரை எஃகு வடங்களில் தொங்கும் 660 டன் உருண்டை, கட்டடம் ஒரு பக்கம் அசையும்போது பின்தங்கி நின்று, அந்த அசைவின் ஆற்றலைத் தன்னோடு பிணைத்திருக்கும் எண்ணெய்த் தணிப்பான்களுக்குக் கடத்திவிடுகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். இந்த முறை ஒரு மாணவி எழுந்து, 508 மீட்டர் கட்டடத்துக்கே இவ்வளவு பெரிய எடை வேண்டுமென்றால், 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவில் எத்தனை டன் தொங்குகிறது என்று கேட்டாள். தேடிப் பார்த்தால் அங்கே அப்படி எதுவுமே தொங்கவில்லை.

அதைத் தேடப் போய் வேறு இரண்டு ஐயங்களும் வந்து சேர்ந்தன. உயரமான கட்டடம் என்றாலே எஃகுச் சட்டகம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இதுவோ ஏறத்தாழ 585 மீட்டர் வரை முழுக்கக் கான்கிரீட் என்றும், அதற்கு மேல்தான் எஃகு என்றும் படித்தேன். அவ்வளவு எடையை, அதுவும் மணற்பாங்கான துபாயில், நிலம் எப்படித் தாங்குகிறது? துறையில் இருப்பவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் உதவியாக இருக்கும். எளிமைப்படுத்த வேண்டியதில்லை, வகுப்புக்கு ஏற்றபடி நான் சுருக்கிக்கொள்கிறேன்.


மறுமொழி 1
எழுதியவர்: காற்றாடித்தூண்

அம்மா, உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. ஒத்ததிர்வை எதிர்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. எழுந்துவிட்ட அசைவைத் தணிப்பது ஒன்று. அசைவைத் தூண்டும் விசையே ஒருங்கு சேராதபடி பார்த்துக்கொள்வது மற்றொன்று. தைபேயில் முதலாவது வழி கண்ணுக்குத் தெரிகிறது. துபாயில் இரண்டாவது வழியை நம்பினார்கள். அது கட்டடத்தின் உருவத்துக்குள்ளேயே இருப்பதால் காட்டுவதற்குத் தனிப்பொருள் எதுவும் இல்லை.

காற்று வந்து கட்டடத்தை முன்னிருந்து தள்ளுவதுதான் ஆபத்து என்று பலரும் நினைப்பார்கள். மிக உயரமான கட்டடங்களில் அதைவிடத் தொல்லை தருவது பக்கவாட்டு அசைவு. கட்டடத்தைக் கடந்து செல்லும் காற்று, அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. ஒவ்வொரு சுழல் கழன்று போகும்போதும் கட்டடம் அந்தப் பக்கமாகச் சிறிது இழுக்கப்படுகிறது. இந்தச் சுழல்கள் உதிரும் அதிர்வெண், காற்றின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் கட்டடத்தின் அகலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கட்டடத்தின் குறுக்குவெட்டு வடிவத்தைப் பொறுத்த மாறிலி ஒன்று அதோடு பெருக்கப்படும். அந்த அதிர்வெண் கட்டடத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், நீங்கள் பாடத்தில் நடத்தும் ஒத்ததிர்வு அங்கே அப்படியே நிகழும். புர்ஜ் கலீஃபாவின் முதல் அலைவு நேரம் வடிவமைப்புக் கணக்கின்படி 11.3 வினாடி. அதாவது ஒருமுறை இப்படியும் அப்படியும் அசைந்து திரும்ப ஏறத்தாழ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது.

இப்போது அந்தச் சூத்திரத்தில் அகலம் என்ற இடத்தைப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலமுள்ள கட்டடமென்றால், குறிப்பிட்ட ஒரு காற்று வேகத்தில் எல்லாத் தளங்களிலும் ஒரே தாளத்தில் சுழல்கள் உதிரும். எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் இழுக்கும். அகலம் உயரத்துக்கு உயரம் மாறிக்கொண்டே போனால், 40ஆம் தளத்தில் ஒரு தாளம், 90ஆம் தளத்தில் வேறொரு தாளம், 120இல் இன்னொன்று. ஒரு பகுதி இடப்பக்கம் இழுக்கும் நேரத்தில் மற்றொரு பகுதி வலப்பக்கம் இழுக்கும். மொத்த விசை பெருமளவு தமக்குள்ளேயே கழிந்துபோகும். சிகாகோவின் ஸ்கிட்மோர், ஓயிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் கட்டடக் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் கட்டமைப்புப் பொறியாளர் பில் பேக்கரும் இந்தக் கோபுரத்தை அப்படித்தான் அமைத்தார்கள். நடுவிலிருந்து மூன்று திசைகளில் நீளும் அதன் மூன்று சிறகுகளும் ஒரே உயரத்தில் குறுகுவதில்லை. முதலில் ஒன்று ஒரு படி உள்வாங்கும், சில தளங்கள் மேலே போனதும் அடுத்தது, பிறகு மூன்றாவது. இப்படிச் சுற்றிச் சுற்றி ஏறும் படிகளால், எந்த இரண்டு அடுக்கிலும் காற்று ஒரே வடிவத்தைச் சந்திப்பதில்லை. பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அழகுக்காக மட்டும் வைத்த படிகள் அல்ல அவை.

இது கணக்கில் மட்டும் கிடைத்த விடையும் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், குவெல்ஃப் நகரிலுள்ள காற்றுச் சுரங்கத்தில் 40க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி உருவைச் செதுக்கி, வைத்துப் பார்த்து, மறுபடி செதுக்கினார்கள். அந்தச் சோதனைகளின் விளைவாக ஒரு கட்டத்தில் கோபுரத்தையே 120 பாகை திருப்பி வைத்தார்கள். வகுப்பில் இதை ஒரு புதிராகவே கொடுக்கலாம்: மூன்று சிறகுகளும் 120 பாகை இடைவெளியில் இருக்கும் உருவத்தை 120 பாகை திருப்பினால் வரைபடத்தில் அடித்தளம் அப்படியேதானே இருக்கும், பிறகு என்ன மாறியது? மாறியது, எந்தச் சிறகு எந்த உயரத்தில் உள்வாங்குகிறது என்பது. வலுவான காற்று அதிகம் வீசும் திசைக்கு எந்தச் சிறகின் மூக்கு எதிராக நிற்கிறது, அது எவ்வளவு உயரம் வரை போகிறது என்பதைப் பொறுத்து விசை கூடும் அல்லது குறையும். இரண்டு சிறகுகளின் இடுக்கில் வந்து மோதும் காற்றைவிட, சிறகின் மூக்கில் மோதிப் பிரியும் காற்று இந்தக் கோபுரத்துக்குச் சாதகமானது.

தைபே 101ஐப் பற்றி ஒரு சொல். அங்கும் உருவத்தைக் கவனிக்காமல் உருண்டையைத் தொங்கவிட்டுவிடவில்லை. முதலில் கூர்மையாக இருந்த நான்கு மூலைகளையும் படிப்படியாக வெட்டிய பிறகுதான், அடிப்பகுதியில் காற்று உண்டாக்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. உருண்டையின் முதன்மையான வேலை, மேல்தளங்களில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றாமல் பார்த்துக்கொள்வதே. 2015 ஆகஸ்டில் சௌதலோர் சூறாவளி வீசியபோது அந்த உருண்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் அசைந்த காணொளி இணையத்தில் கிடைக்கும். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டலாம்.


மறுமொழி 2
எழுதியவர்: சுவரும்_தூணும்

காற்றாடித்தூண் எழுதியதில் தவறில்லை; ஆனால் எல்லாப் பெருமையையும் உருவத்துக்கே கொடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது. தைபே நகரம் சூறாவளிப் பாதையிலும் நிலநடுக்கப் பகுதியிலும் இருக்கிறது. துபாயில் ஷமால் காற்றும் இடிமழையோடு வரும் பலத்த காற்றும் உண்டு என்றாலும், சூறாவளியை எதிர்பார்த்து வடிவமைக்கும் கட்டாயம் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே அங்கே எடை வைத்தார்கள், இங்கே வைக்கவில்லை என்று இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது முழுப் பொருத்தமாகாது. இன்னொன்று, கான்கிரீட். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடையும் அதிலேயே இருக்கிறது.

காற்றுக்கு எதிராக ஒரு கட்டடத்துக்கு மூன்று வேண்டும்: நிறை, விறைப்பு, அசைவைத் தானே உறிஞ்சும் தன்மை. மூன்றிலும் கான்கிரீட் எஃகுச் சட்டகத்தைவிட மேல். அலுவலகக் கட்டடமென்றால் தூண் இல்லாத அகன்ற கூடங்கள் வேண்டும், அதற்கு எஃகு வசதி. புர்ஜ் கலீஃபாவின் பெரும்பகுதி குடியிருப்புகளும் விடுதியும். வீடு என்றால் அறைக்கு அறை சுவர் எப்படியும் வரப்போகிறது. அந்தச் சுவரையே தாங்கும் சுவராக்கிவிட்டால், அறைகளுக்கு இடையே ஓசை கடப்பதும் குறைகிறது, கட்டடமும் நிற்கிறது. தட்டையான ஸ்லாப் போட்டு, கீழே உத்தரம் இல்லாமல் தள உயரத்தையும் மிச்சப்படுத்தலாம்.

அமைப்பைப் பார்த்தால், நடுவில் அறுகோணக் கான்கிரீட் கருவகம். மின்தூக்கிகள் அதற்குள் ஓடுகின்றன. அதிலிருந்து மூன்று சிறகுகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு சிறகின் நடுநடைபாதையின் இருபுறமும் செல்லும் சுவர்கள் சிறகின் நுனி வரை ஓடி, அங்கே தடித்த சுவராக முடிகின்றன. மூன்று பேர் முதுகோடு முதுகு சேர்த்து, காலை அகட்டி ஊன்றி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் குறைந்தது ஒருவரின் கால் எதிர்த்து ஊன்றும். நடுவில் இருக்கும் கருவகம் முறுக்கிக்கொள்ளாமல் மூவரையும் பிடித்திருக்கும். ஒரு சிறகுக்கு மற்ற இரண்டு சிறகுகளும் முட்டுக்கொடுக்கின்றன என்பதுதான் இதன் சாரம். இயந்திரத் தளங்கள் வரும் இடங்களில் தடித்த சுவர்களைக் கொண்டு கருவகத்தையும் சுற்றுத் தூண்களையும் பிணைத்துவிட்டதால், ஓரத்திலுள்ள தூண்களும் காற்றைத் தாங்கும் வேலையில் சேர்ந்துகொள்கின்றன. சும்மா எடையைச் சுமந்துகொண்டு மட்டும் நிற்கும் கான்கிரீட் அங்கே ஏறக்குறைய இல்லை.

இதற்கு முன்னர் வழக்கில் இருந்தது என்ன என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 1960களில் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கொண்டுவந்த குழாய் அமைப்பில், கட்டடத்தின் வெளிச்சுற்றையே நெருக்கமான தூண்களால் விறைப்பான குழாயாக்கினார்கள். சிகாகோவில் 442 மீட்டர் உயரத்தில் நிற்கும் சியர்ஸ் கோபுரம் அப்படிப்பட்டது. இப்போது அதன் பெயர் வில்லிஸ் கோபுரம். அந்த முறையில் உயரத்தைக் கூட்ட வேண்டுமானால் அடியையும் அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் நடுவிலுள்ள இடத்துக்குச் சன்னலே கிடைக்காது. அலுவலகத்துக்குச் சமாளிக்கலாம், வீட்டுக்கு யார் வாங்குவார்? மூன்று சிறகு அமைப்பில் ஒவ்வொரு சிறகும் ஒல்லியாக இருப்பதால் எல்லா அறைகளுக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. ஊன்றும் அகலமோ மூன்று சிறகுகளின் நுனிகளுக்கு இடையிலான முழு அகலம். இதே குழு சியோல் நகரில் 264 மீட்டர் உயரத்தில் டவர் பேலஸ் கட்டடத்தை ஏறக்குறைய இந்த அமைப்பிலேயே முன்பு செய்து பார்த்திருந்தது. துபாய்க்கு அந்த அனுபவம்தான் வித்து.

படிகள் உள்வாங்கும் இடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. பொதுவாக மேலே கட்டடம் குறுகும்போது, மேல்தளத் தூணுக்கு நேர்கீழே தூண் இல்லாமல் போகும். அந்த எடையைப் பக்கத்துத் தூண்களுக்குத் திருப்பிவிட மாபெரும் உத்தரங்கள் வேண்டியிருக்கும். இங்கே 9 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மேலே வரும் மூக்குத் தூண் கீழேயுள்ள சுவரின் மேலேயே வந்து உட்காரும்படி அடுக்கிவிட்டார்கள். அதனால் எடை திசைமாறாமல் நேராக இறங்குகிறது. இதை வரைபடத்தில் பார்த்தபோது, எனக்கு அந்தக் கோபுரத்தின் உயரத்தைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.


மறுமொழி 3
எழுதியவர்: பைல்_மேஸ்திரி

மணலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துபாயில் மணல் என்பது மேற்பரப்பில் சில மீட்டர்கள்தான். அதற்குக் கீழே மணற்கற்களும் சுண்ணாம்புச் சத்துள்ள மென்பாறைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மென்பாறை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: எவ்வளவு ஆழம் போனாலும் சென்னையில் கிண்டிப் பக்கம் கிடைப்பதுபோன்ற கடினப் பாறை அங்கே கிடைக்காது. எனவே கெட்டிப்பாறையில் நுனியை ஊன்றி நிற்கும் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பைலின் உடல் முழுவதும் சுற்றியுள்ள பாறையோடு உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் எடை இறங்குகிறது.

கோபுரத்துக்கு அடியில் 1.5 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 43 மீட்டர் நீளமும் கொண்ட பைல்கள் 190க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3,000 டன் தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு. சோதனைப் பைலில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலாக, 6,000 டன்னைத் தாண்டி ஏற்றிப் பார்த்தார்கள். இந்தப் பைல்களின் தலைமேல் 3.7 மீட்டர் கனத்தில் ராஃப்ட், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் அடித்தளக் கான்கிரீட் பலகை. அதற்கு மட்டும் 12,500 கனமீட்டர் கான்கிரீட். மூன்று சிறகுகள், நடுக்கருவகம் என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நாளுக்குக் குறையாமல் இடைவிடாது ஊற்றினார்கள். இவ்வளவு கனமான கான்கிரீட்டில் கம்பி எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று கட்டுமானத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதிர்வுக் கருவியை உள்ளே விட்டு அதிரவைக்கும் வேலையை நம்பாமல், தானாக வழிந்து நிரம்பும் கான்கிரீட்டையே பயன்படுத்தினார்கள். ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: பைலின் கம்பிக்கூட்டைத் துளைக்குள் இறக்கும்போதே, மேலே பிறகு வரப்போகும் ராஃப்ட்டின் அடிக்கம்பிகள் பைலின் கம்பிகளுக்கு இடையே தடையின்றி நுழைந்து செல்லும்படி கூட்டைத் திருப்பி நிறுத்தினார்கள். இதைச் செய்யத் தவறிவிட்டு, ராஃப்ட் கம்பி கட்டும் நாளில் பைல் கம்பியோடு மல்லுக்கட்டும் தளங்களை நம்மூரிலேயே பார்க்கலாம்.

அங்கே உண்மையான எதிரி எடையல்ல, தண்ணீர். அந்த இடத்து நிலத்தடி நீரில் குளோரைடும் சல்ஃபேட்டும் கடல் நீரில் இருப்பதைவிட அதிகம். கம்பியை அரித்துத் தின்றுவிடும். நீர் ஊடுருவாத கான்கிரீட் கலவை, நீர்க்காப்புப் படலம் எல்லாம் போக, ராஃப்ட்டுக்கு அடியில் டைட்டானியம் வலை ஒன்றைப் பரப்பி, அதன் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்திக் கம்பி துருப்பிடிக்காமல் காக்கும் ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். உங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியருக்கு இது நல்ல பாடமாகும். எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு என்று பன்னிரண்டாம் வகுப்பில் நடத்துவது இதைத்தான்.

கட்டடம் அமிழ்ந்ததா என்றால், எல்லாக் கட்டடமும் சிறிது அமிழும். இது முன்கூட்டிக் கணித்ததைவிடக் குறைவாகவே, சில சென்டிமீட்டர் அளவுக்குத்தான் அமிழ்ந்தது.


மறுமொழி 4
எழுதியவர்: இரவு_ஷிப்ட்

அந்தக் கோபுரத்தில் நான் வேலை செய்யவில்லை. அதே காலத்தில் அதே ஊரில் வேறொரு அடுக்குமாடித் தளத்தில் சென்ட்ரிங் பிரிவில் இருந்தேன். கான்கிரீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வடிவம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதை மேலே கொண்டுபோய் ஊற்றியாக வேண்டுமே.

துபாய்க் கோடையில் பகலில் கான்கிரீட் ஊற்றினால் குழாயிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆகையால் புர்ஜில் கோடைக்கால ஊற்றெல்லாம் இரவில்தான். கலவை நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பனிக்கட்டியைப் போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், குழாயில் இருக்கும் வரை இளகியே இருக்க வேண்டும்; அச்சுக்குள் போன பிறகு சீக்கிரம் இறுக வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு தளம் என்ற கணக்கில் ஏறிய கட்டடம் அது. சுவரில் ஊற்றிய கான்கிரீட் 10 மணி நேரத்துக்குள் 10 மெகாபாஸ்கல் வலுவை எட்டினால்தான், தானாக ஏறும் அச்சுகளைக் கழற்றி அடுத்த தளத்துக்கு உயர்த்த முடியும். முதல் நாள் இரவு ஊற்றிய சுவரைப் பிடித்துக்கொண்டு மறுநாள் அந்த அச்சு ஏறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். கம்பிகளையும் மேலே நின்று ஒவ்வொன்றாகக் கட்டவில்லை. தரையிலேயே கூடாகக் கட்டிக் கிரேனில் தூக்கி நிறுத்தினார்கள்.

பம்ப் வேலை இன்னும் சுவையானது. இடையில் எங்கும் நிறுத்தி மறுபடி ஏற்றாமல், தரையிலிருந்து ஒரே மூச்சில் 600 மீட்டருக்கும் மேலே தள்ளினார்கள். அன்றைக்கு அது உலகச் சாதனை. அதைச் செய்யத் துணிவதற்கு முன்பு, தரையில் நீண்ட குழாயைப் படுக்கைவாட்டில் போட்டு, பல இடங்களில் முழுத் திருப்பமாக வளைத்து, கான்கிரீட்டை ஓடவிட்டு அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். மேலே போகப் போகக் கலவையையும் மாற்றினார்கள். கீழ்த்தளங்களுக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி; உயரம் கூடியபோது 14 மில்லிமீட்டர், அதைவிடச் சிறியது என்று குறைத்துக்கொண்டே போனார்கள். கலவையில் நிலக்கரிச் சாம்பல் சேர்த்ததும் குழாயில் வழுக்கிக்கொண்டு போக உதவியது. கீழ்த்தளச் சுவர்களுக்கு 80 மெகாபாஸ்கல் வலு, மேலே 60.

இன்னொன்றைப் பொறியாளர்கள் யாரும் மேலே குறிப்பிடவில்லை. கான்கிரீட் காலப்போக்கில் சுருங்கும். எடை ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் மெல்ல அமுங்கும். நூற்றுக்கு மேற்பட்ட தளங்களில் இது சேர்ந்தால் சிறிய அளவாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு தளத்தையும் வரைபடத்தில் உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதல் உயரத்தில் கட்டிக்கொண்டே போனார்கள். நட்டுக்குத்தாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் சிரமம்: வெயில் படும் பக்கம் விரிவதால் கோபுரம் பகலில் மறுபக்கம் லேசாக வளையும், காற்றுக்கும் அசையும். தூக்குநூல் கட்டிப் பார்க்கும் வேலை அங்கே செல்லாது. உச்சியில் செயற்கைக்கோள் இடங்காட்டிகளும், கீழே தளங்களில் சாய்வுமானிகளும் வைத்து, அந்த நேரத்தில் கோபுரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதைக் கழித்துக்கொண்டுதான் அச்சுகளை நிறுத்தினார்கள்.

வேலை உச்சத்தில் இருந்த நாட்களில் ஏறத்தாழ 12,000 பேர் அந்தத் தளத்தில் இருந்தார்கள். பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய நாடுகளிலிருந்து போனவர்கள். 2006 மார்ச்சில் கூலிக்காகவும் நடத்தப்பட்ட விதத்துக்காகவும் அங்கே பெரிய கலகமே மூண்டது. மூன்று நாளுக்கு ஒரு தளம் என்ற வேகத்தை அச்சுகளின் திறமையாக மட்டும் எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. ஆசிரியர் வகுப்பில் சொல்லும்போது இதையும் ஒரு வரி சேர்க்கட்டும்.


மறுமொழி 5
எழுதியவர்: அளவுகோல்

எல்லாம் சரி, 828 மீட்டர் என்ற எண்ணைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். உயரமான கட்டடங்களை வகைப்படுத்தும் பன்னாட்டுக் குழுமம் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, புர்ஜ் கலீஃபாவில் ஆட்கள் புழங்கும் கடைசித் தளத்துக்கு மேலே இருக்கும் பகுதி மட்டும் 244 மீட்டர். மொத்த உயரத்தில் நூற்றுக்கு 29 பங்கு. அதில் யாரும் குடியிருக்கவில்லை, அலுவலகம் இல்லை. அந்த 244 மீட்டரைத் தனியாகத் தரையில் நிறுத்தினாலும் பல நகரங்களில் அதுவே மிக உயரமான கட்டடமாக இருக்கும். 585 மீட்டருக்கு மேலே கான்கிரீட்டை விட்டு எஃகுக்கு மாறியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெருமைக்காகக் கட்டிய உயரத்தைப் பொறியியல் தேவை என்று சொல்லி மாணவர்களைக் குழப்ப வேண்டாம் என்பது என் கருத்து.


மறுமொழி 6
எழுதியவர்: காற்றாடித்தூண்

அளவுகோல் சொல்லும் எண்ணில் ஐயமில்லை. அந்த உச்சி பெருமைக்காகத்தான், அதை மறுக்கப்போவதில்லை. கட்டுமானம் நடந்தபோது இறுதி உயரத்தைக் கடைசிவரை இரகசியமாக வைத்திருந்ததே அதற்குச் சான்று. 2010 ஜனவரி 4ஆம் நாள் திறப்புவிழாவில்தான் 828 என்ற எண்ணும், புர்ஜ் துபாய் என்று அதுவரை வழங்கிய பெயர் புர்ஜ் கலீஃபாவாக மாறியதும் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. ஆனால் பொறியியல் கோணத்தில் அந்த உச்சி வெறும் ஒப்பனை என்று தள்ளிவிட முடியாது. 4,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகு அதில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு வெளியிலிருந்து தூக்கி வைக்கக்கூடிய கிரேன் இல்லாததால், கோபுரத்தின் உள்ளேயே பகுதி பகுதியாகக் கோத்து, நீரழுத்த ஜாக்கிகளால் உள்ளிருந்து மேலே தள்ளி நிறுத்தினார்கள். ஒல்லியான அந்த முனையும் காற்றில் அசையும். அந்த அசைவைக் கீழேயுள்ள கான்கிரீட் தாங்கியாக வேண்டும். தேவையில்லாத சுமை என்று வேண்டுமானால் சொல்லுங்கள், எளிதான சுமை என்று சொல்லாதீர்கள்.

சுவரும்_தூணும் சொன்ன திருத்தத்தையும் ஏற்கிறேன். துபாயின் காற்று தைபேயின் காற்று அல்ல. இருந்தாலும் உருவத்துக்கு நான் கொடுத்த முதலிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஷாங்காய் கோபுரம் 632 மீட்டர். அந்த ஊரிலும் சூறாவளி வருகிறது. அங்கே கட்டடத்தை அடியிலிருந்து நுனிவரை 120 பாகை முறுக்கிவிட்டதாலும் மூலைகளை உருட்டியதாலும், அதே உயரமுள்ள நேரான கட்டடத்தோடு ஒப்பிட்டால் காற்று விசை 24 விழுக்காடு குறைந்தது. அதற்கு மேல் தணிப்பு எடையும் வைத்தார்கள். முதலில் உருவம், போதாததற்கு எடை என்பதே வரிசை.


மறுமொழி 7
எழுதியவர்: மேகலை_இயற்பியல்

அனைவருக்கும் மிக்க நன்றி. சுழல் உதிரும் அதிர்வெண்ணை அகலத்தோடு இணைத்துச் சொன்னது எனக்குப் போதும். நாளைக்கே கரும்பலகையில் அந்த விகிதத்தை எழுதிவிட்டு, 120 பாகைப் புதிரையும் கேட்கப்போகிறேன். மார்ச் 2006ஐயும் சொல்வேன். கடைசியாக ஒன்று: ஜித்தாவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் எழும்பும் கோபுரத்தின் படங்களைப் பார்த்தால், அதில் படிகளே இல்லை, வழவழவென்று கூம்பிக்கொண்டே போகிறது. படிகள்தான் காற்றைக் கலைக்கின்றன என்றால் அது எப்படிச் சரியாகும்?


மறுமொழி 8
எழுதியவர்: சுவரும்_தூணும்

அகலம் மாற வேண்டும் என்பதுதான் தேவை. படிப்படியாக மாற வேண்டும் என்பதல்ல. ஜித்தா கோபுரமும் ஏட்ரியன் ஸ்மித் தன் புதிய நிறுவனத்தின் வழியே வரைந்ததுதான். அங்கும் மூன்று சிறகுகளே. சிறகுகளின் வெளிமுனைகள் உள்நோக்கிச் சாய்ந்துகொண்டே போவதால், எந்த இரண்டு தளத்திலும் அகலம் ஒன்றாக இருப்பதில்லை. மூன்று சிறகுகளின் சாய்வும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகிறது. ஆகவே ஒவ்வொரு சிறகும் வேறு வேறு உயரத்தில் முடிகிறது. படியில்லாததால் தளத்துக்குத் தளம் அச்சை மாற்றியமைக்கும் தொல்லையும் குறைவு. 2013இல் தொடங்கிய வேலை 2018இல் நின்றுபோனபோது 60க்கும் மேற்பட்ட தளங்கள் எழும்பியிருந்தன. 2025 ஜனவரியில் மறுபடி தொடங்கினார்கள்.

அங்கே கட்டமைப்பைவிட மின்தூக்கியின் வடம்தான் முதலில் எல்லை போட்டது. எஃகு வடம் ஏறத்தாழ 500 மீட்டருக்கு மேல் நீண்டால், பெட்டியைத் தூக்குவதைவிடத் தன் எடையைத் தானே தூக்குவதற்கே அதன் வலு செலவாகிவிடும். புர்ஜ் கலீஃபாவின் நீண்ட பணிமின்தூக்கி 504 மீட்டர் ஓடுகிறது. எஃகு வடத்தால் அதற்கு மேல் அதிகம் எட்டிப்பிடிக்க முடியாது. கோனே நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய கார்பன் இழை வடம் அந்த எல்லையை ஒரு கிலோமீட்டர் வரை நீட்டும் என்று அறிவித்தது; ஜித்தா கோபுரத்துக்கு அதைத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள்.